இன்னாசி டாட் இன்

ஏப்ரல் 15

இன்று முதல் கடலுக்கு லீவு. மீன்கள் நிம்மதியாகக் குடும்பம் நடத்தட்டும் என்று அரசாங்கமே இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கரையில் கட்டிவைக்கிறது. பிளஸ் டூ பரீட்சை முடிந்து எனக்கும் லீவு. அப்பாவுக்கு ஜனவரியிலிருந்தே லீவு. ஆக, எங்கள் வீட்டில் ஓவர்டைம் பார்ப்பது அம்மாவின் நாக்கு மட்டும்தான்.

அப்பாவைப் பற்றி ஒரு முறை எழுதிவிட்டால் பிறகு எழுத வேண்டியிருக்காது. பெயர் இன்னாசி. மீன் ஏலக்காரர். இருபது வருடமாக ஏலக்கூடத்து மைக் அவர் கையில். அவர் "ஒரு தரம்" என்றால் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் மீன்கூடக் கண்ணைத் திறந்து பார்க்கும் என்று ஏலத்தில் அவர்கூட நிற்கும் தொம்மை மாமா சொல்வார். தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறார். பேச்சு இல்லை. ஒரு சிலேட்டு வைத்திருக்கிறார். அவ்வளவுதான். எழுதியாயிற்று.

ஏப்ரல் 19

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அப்பா ஒரு வேலை ஆரம்பித்தார். தொம்மை மாமா தினமும் ஏலம் முடிந்ததும் விலைகளை அவர் போனுக்கு அனுப்புவார். அப்பா அதை ஒரு வலைப்பூவில் ஏற்றுவார். வலைப்பூவை அமைத்துக் கொடுத்தது அடியேன். 'சீலா இன்று சீமாட்டி, கிட்டே போகாதீர்', 'கணவாய் கழுத்தைப் பிடிக்கிறது' என்று விலையோடு ஒரு வரி நக்கலும் எழுதுவார். மதுரை யாவாரிகள், நாகர்கோவில் யாவாரிகள் எல்லாம் மாமா அனுப்பும் இணைப்பைத் தொட்டுப் படிக்கிறார்கள். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான். இருந்தாலும் எழுதுகிறார்.

இன்று அப்பா தூங்கும்போது பட்டியலில் நானும் ஒரு மீன் சேர்த்தேன். 'கடல்கன்னி: வரத்து ஒன்று. தலைக்கு ஒரு விலை, வாலுக்கு ஒரு விலை. கல்யாணமானவர்கள் கேட்கக் கூடாது.' சாயங்காலம் மதுரைக்காரர் ஒருவர் தொம்மை மாமாவைக் கூப்பிட்டு, "வால் மட்டும் தனியாக் கிடைக்குமா" என்றாராம்.

அப்பாவின் தோள் குலுங்கியது. இப்போதெல்லாம் அவர் சிரிக்கிறாரா என்று தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஒரு நாளைக்கு நாலைந்து முறை பார்த்துக்கொள்கிறேன். வேறு வேலையில்லை, லீவுதானே.

ஏப்ரல் 27

படகு உரிமையாளர் சங்கத் தலைவர் கொரேரா வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பியோடு அதிரசம் வைத்தாள். அதிரசம் வந்தால் விஷயம் பெரிது.

"இன்னாசி, நீ நம்ம ஆளு. அதுல மாத்தமில்ல. ஆனா ஏலத்துல உள்ள பங்கு வேல செய்யுதவனுக்குத்தாம்ல. மைக்க தொம்மை பிடிச்சிட்டான். நீ வெல எழுதுத, நல்லாத்தான் எழுதுத. ஆனா சென்னையில ஒரு கம்பெனிக்காரன் செயலி ஒண்ணக் கொண்டாந்து காட்டுதான், பளபளன்னு இருக்கு. ஒன் பக்கத்த நான் தேடுனேன், ஏலக்காய் விக்குத பொம்பளதான் வந்தா."

"முகவரி போட்டுப் பாக்கணும் பெரியப்பா, தேடக் கூடாது" என்றேன்.

"முகவரியா அது? அனுமார் வாலு மாதிரில்லா இருக்கு. சொல்லி முடிக்கதுக்குள்ள மீன் அழுகிரும்."

உண்மை. எங்கள் வலைப்பூ ஓசி. ஓசி வீட்டில் குடியிருந்தால் வாசலில் வீட்டுக்காரன் பெயரையும் சேர்த்துத்தான் மாட்ட வேண்டும். அந்த முகவரியைப் போனில் சொல்ல எனக்கே மூச்சு முட்டும். அப்பாவுக்குச் சொல்லவே முடியாது.

கொரேரா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு முடிவைச் சொன்னார். தடை முடிந்து படகு போய்த் திரும்புகிற முதல் நாள், சாயங்கால ஏலத்தில் நிற்கிற யாவாரிகள் தாங்களே முகவரியைப் போட்டுத் தங்கள் போனில் அப்பா பக்கத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் சங்கத்துக்கு விலை எழுதுவது அப்பாதான், பங்கும் உண்டு. இல்லையென்றால் கம்பெனி.

அப்பா சிலேட்டில் 'சரி' என்று எழுதிக் காட்டினார். கொரேரா போன பிறகு இன்னும் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

ஏப்ரல் 30

ரோமியோ அண்ணன் வாழ்க. பெரியம்மா மகன், சரக்குக் கப்பலில் வேலை. கொழும்பில் கப்பல் நிற்கிறது என்று கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன். "சித்தப்பாவுக்குச் சொந்தப் பேரு வாங்கணும், அவ்வளவுதானட்டி" என்று சொல்லி, பேசிக்கொண்டிருக்கும்போதே வாங்கிவிட்டான். இன்னாசி டாட் இன். 'இன்'னில் தொடங்கி 'இன்'னில் முடிகிறது. என் அப்பாவுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்.

எத்தனையோ பேர் கப்பலிலிருந்து சென்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். என் அண்ணன் அப்பாவுக்கு ஒரு வாசல் வாங்கித் தந்திருக்கிறான். போன வருடம் நான் அவன் ஷேவிங் கிரீமையும் பற்பசையையும் இடம் மாற்றி வைத்ததற்கு மனதார வருந்தலாம் என்று பார்த்தேன். வரவில்லை. நன்றி மட்டும் வந்தது.

மே 3

பெயரை வாங்குவது வேறு, அதை வலைப்பூவோடு இணைப்பது வேறு என்று இன்று கற்றேன். பெயர் விற்ற கம்பெனி ஒன்று. வலைப்பூ தரும் கம்பெனி ஒன்று. இரண்டுக்கும் நடுவே கல்யாணத் தரகர் நான். வலைப்பூக்காரன் இரண்டு வரி தருகிறான். ஒன்று, 'இந்தப் பெயரைக் கேட்டு வருபவர்களை என் வீட்டுக்கு அனுப்பு'. இன்னொன்று ரகசியக் குறி, பெயர் நிஜமாகவே நம்முடையதுதான் என்பதற்குச் சாட்சி. இரண்டையும் பெயர் விற்றவனின் பக்கத்தில் கொண்டுபோய் எழுத வேண்டும்.

உள்ளே நுழைய ரோமியோ அண்ணன் போனுக்கு ஓடிபி போகும். அவன் அனுப்பினான், நுழைந்தேன், எழுதினேன். சிவப்பு எழுத்தில் பதில்: உங்களுக்கு இந்தப் பெயரின் மேல் அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை.

அதிகாரமா? நான் அவர் மகள்.

மே 5

தப்பைப் பிடித்துவிட்டேன். பெயர் என்ற கட்டத்தில் நான் முழு முகவரியையும் எழுதியிருக்கிறேன். கம்பெனி தன் பங்குக்குக் கடைசியில் இன்னொரு முறை அதையே ஒட்டிக்கொள்கிறது. ஆக, முகவரி 'இன்னாசி டாட் இன் டாட் இன்னாசி டாட் இன்' என்று ஆகிவிட்டது. கூப்பிட்டது காதில் விழாதவரை இரண்டு முறை கூப்பிட்ட மாதிரி. அந்தக் கட்டத்தில் மூன்று டபிள்யூ மட்டும் போதுமாம்.

மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நாள்கூட ஆகலாம் என்று போட்டிருந்தது. அம்மா அதற்குள் இரண்டு முறை சோறு வடித்துவிட்டாள். மூன்றாவது சோற்றுக்கு முன் பக்கம் திறந்தது. மேலே மூன்று டபிள்யூ, புள்ளி, இன்னாசி, புள்ளி, இன். வேறு எவன் பெயரும் இல்லை.

அப்பா போனைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். ஞானஸ்நானத்தன்று பிள்ளையைப் பார்ப்பதுபோல.

ராத்திரி செபத்தில் ஆளுக்கு ஒரு நன்றி சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா வழக்கம்போல சுகத்துக்கு நன்றி என்றாள். நான், "கட்டத்தில் குறைவாக எழுதினால் போதும் என்று சொல்லிக்கொடுத்த ஆண்டவருக்கு நன்றி" என்றேன். முட்டியில் ஒரு கிள்ளு கிடைத்தது. அப்பா சிலேட்டில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விவகாரம். ('ரோமியோ' என்று எழுதியிருந்தார். கீழே 'சிந்தா' என்று. அது நான்தான். ஜெசிந்தா என்று கூப்பிடுவது ரேஷன் கார்டு மட்டும்.)

மே 8

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். வேறு செய்தி இல்லை.

மே 12

தடைக்காலத்தில்தான் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பெயர் எழுதுவார்கள். பெயின்டர் ஆபேல் அண்ணனுக்கு இப்போதுதான் சீசன். தொம்மை மாமா அவரிடம் பேசினார். அப்பாவுக்கு வேண்டியவர்கள் படகுகளின் பின்பலகையில், படகுப் பெயருக்குக் கீழே முகவரியையும் எழுதுவதென்று ஏற்பாடு. படகுகள் வந்து கட்டும்போது ஏலக்கூடத்தில் நிற்பவன் கண்ணில் முதலில் படுவது பின்பலகைதான். ஒரு டஜனுக்கும் மேல் உரிமையாளர்கள் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர்கூட "எனக்கு என்ன லாபம்" என்று கேட்கவில்லையாம்.

ஆபேல் அண்ணனுக்கு ஒரு தாளில் இங்கிலீஷில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

"இத அப்படியே எழுதணும் அண்ணா."

"எழுத்து நமக்குப் புதுசாட்டி? ஒங்க அப்பாவுக்கு ஏலம் விடச் சொல்லிக் குடுப்பியோ?"

மே 17

அப்பா சிலேட்டு: 'காலேஜ் விண்ணப்பம் போட்டியா?'

பாளையங்கோட்டை. ஹாஸ்டலில் தங்க வேண்டும். காலேஜ் சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். வேலை செய்யாதது சர்வர் இல்லை. போகட்டும்.

பேச்சை மாற்ற, அம்மாவின் மீன்குழம்புச் சட்டிக்குள் ரப்பர் நண்டைப் போட்டேன். அம்மாவின் கூச்சல் மாதா கோயில் தேர் வரைக்கும் கேட்டிருக்கும். அப்பாவின் தோள் நன்றாகக் குலுங்கியது. வெற்றி.

மே 24

ஆபேல் அண்ணன் வேலை முடிந்தது என்றார். போய்ப் பார்த்தேன். படகுத்துறையில் வரிசையாகப் பின்பலகைகள். நீலத்தில் மஞ்சள் எழுத்து, சிவப்பில் வெள்ளை எழுத்து. கண்கொள்ளாக் காட்சி. எல்லாவற்றிலும் 'இன்னாசி டாட் இன்'. ஒன்றில்கூட மூன்று டபிள்யூ இல்லை. அந்த இடத்தில் அழகான ஒரு சிலுவை.

"அண்ணா, முன்னால மூணு எழுத்து இருந்துச்சே."

"ஆமா இருந்துச்சு. பேருக்கு முன்னால சிலுவதான வரும்? மாதா பேருன்னாலும் அந்தோணியார் பேருன்னாலும் முன்னால சிலுவ. ஒங்க அப்பா பேருக்கு மட்டும் வேறெதுவும் போட்டா ஊர்க்காரன் என்னச் சும்மா விடுவானா?"

"அது வெறும் பேரு இல்ல, முகவரி."

"இன்னாசின்னு எழுதியிருக்குல்லா? அப்பம் பேருதான்."

முப்பது வருடமாக அவர் படகில் எழுதியது எல்லாமே பெயர்தான். சிலுவை இல்லாமல் ஒரு பெயரும் கடலுக்குப் போனதில்லை.

அங்கேயே நின்று படகில் இருப்பதுபோலவே போனில் தட்டிப் பார்த்தேன். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.' டபிள்யூ போட்டால் திறக்கிறது, போடாவிட்டால் இல்லை. முன்வாசலுக்குப் பெயர்ப்பலகை மாட்டிய நான், பக்கவாசலைப் பூட்டியே வைத்திருக்கிறேன். டபிள்யூ இல்லாமல் வருபவனுக்கும் வழி காட்ட இன்னும் நாலு வரி எழுத வேண்டுமாம். அதைப் படிக்காமல் விட்டது நான். ஆபேல் அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றார்.

"சூப்பர் அண்ணா" என்றேன். எழுத்து நிஜமாகவே சூப்பர்.

மே 25

நாலு வரிதானே, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஓடிபி கேட்டது. ஓடிபி ரோமியோ அண்ணன் போனுக்குப் போனது. ரோமியோ அண்ணன் போன் இந்தியப் பெருங்கடலில் எங்கோ இருக்கிறது.

பெரியம்மாவிடம் கேட்டேன். டர்பனுக்குப் போகிற கப்பலாம், வழியில் வேறு இரண்டு வேலை இருக்கிறதாம், ஜூன் இருபதுக்கு மேல்தான் கரை.

ஊரில் உள்ள படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, எனக்கு வேண்டிய ஒரே ஒரு கப்பல் கடலில் கிடக்கிறது.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் தொம்மை மாமாவோடு உட்கார்ந்து முதல் நாளைக்கு என்னென்ன மீன் வரும், என்ன நக்கல் எழுதலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 2

செய்து பார்த்தவை: பெயர் விற்ற கம்பெனிக்கு மின்னஞ்சல். உரிமையாளரோடு மட்டும்தான் பேசுவோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கோபமில்லை. கேட்டவனுக்கெல்லாம் திறந்துவிட்டால் அது வீடா, சத்திரமா?

அடுத்து, தொம்மை மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. அவர் ஒரு படகுக்காரரிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தார். சிலுவையை அழித்துவிட்டு மூன்று எழுத்து எழுதிக்கொள்ளலாமா என்று.

"என்னல கேக்க? சீசன் தொறக்க நேரத்துல படகுல உள்ள சிலுவையச் சொரண்டச் சொல்லுதியா? இன்னாசிக்கு என் சொத்த வேணும்னாலும் எழுதித் தாரேன், அதத் தொட மாட்டேன்" என்றாராம்.

சிலுவைக்கு முன்னால் எழுதலாமா என்றால் இடமில்லை. சிலுவை பலகையின் ஓரத்தில் நிற்கிறது. அதற்கு அந்தப்பக்கம் கடல்தான்.

"டபிள்யூ போட்ட முகவரியப் பேப்பர்ல அடிச்சுக் குடுத்துருவோமா?" என்றார் மாமா.

"ஏலத்துல நிக்குதவன் கையில பேப்பர் குடுத்தா என்ன செய்வான் மாமா?"

"நெத்திலி மடிப்பான்" என்று ஒப்புக்கொண்டார்.

ஜூன் 6

போன் நிரம்பிவிட்டது. புதிய படம் எடுக்க இடமில்லை. உட்கார்ந்து பழையதையெல்லாம் அழித்தேன். பரீட்சைக் குறிப்புகள், கேக் வீடியோக்கள், தோழிகளின் பிறந்தநாள்கள். போன வருடத்து வாய்ஸ் மெசேஜ் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். "வரும்போது அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாட்டி, பெருசு வாங்கிராத" என்று அப்பா. ஒன்பது விநாடி. வெங்காயம் சின்னதா பெரிசா என்று நாளைக்குச் சண்டை வந்தால் ஆதாரம் வேண்டுமே.

கேட்கவெல்லாம் இல்லை. இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஜூன் 13

அப்பா என்னைக் கூப்பிட்டார். கூப்பிடுவது என்றால் மேஜையை இரண்டு தட்டு. தன் போனை நீட்டினார். படகில் உள்ளபடி தட்டியிருக்கிறார். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.'

"நெட் சரியில்ல அப்பா."

அவர் சிலேட்டில் எழுதினார்: 'மே 24 லிருந்தே சரியில்ல.'

அன்றைக்கே ஆபேல் அண்ணன் பெருமையாகப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறார். அவரும் தட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று வாரம் நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அவர் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரிலேயே பெரிய குறும்புக்காரி என்ற பட்டம் போயிற்று. குடும்பத்துக்குள்தான் போயிருக்கிறது, பரவாயில்லை.

"ஏன் சொல்லல?"

'நீ சொல்லட்டும்னு இருந்தேன்.' அழித்துவிட்டு மறுபடி: 'ஆபேலிடம் சொல்லாதே. மனசு கஷ்டப்படுவான்.'

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் கொஞ்ச நேரம். அவர் மூச்சுக்கு ஒரு சின்ன விசில் சத்தம் உண்டு. நான் எப்போதும் மின்விசிறியை வேகமாக வைத்துவிடுவேன், வெக்கை என்று. இன்று வைக்கவில்லை. அப்படியொன்றும் வெக்கை இல்லை.

ஜூன் 14

ஞாயிறு. பூசை முடிந்து சாமியார் படகுத்துறைக்கு வந்து படகுகளை மந்திரித்தார். தீர்த்தம், மெழுகுவர்த்தி, வெடி. அம்மா என் லேப்டாப்பையும் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டிவிட்டாள்.

"என்னம்மா இது?"

"இவரு தொழிலு இப்பம் இதுக்குள்ளதான் சாமி இருக்கு."

சாமியார் சிரித்துக்கொண்டே தாராளமாகத் தெளித்தார். எண்டர் பட்டன் இப்போது ஒரு முறை அமுக்கினால் மூன்று முறை எண்டர் ஆகிறது. ஆசீர்வாதம் பெருகுகிறது.

ரோமியோ அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜூன் 15

எழுதிவிடுகிறேன், ஒன்றுவிடாமல்.

விடியற்காலையில் படகுகள் போயின. ஊர் முழுக்கத் துறையில். சாயங்காலம் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, பின்பலகையைக் கரைப்பக்கம் காட்டிக் கட்டின. இரண்டு மாத மீன் மொத்தமாக வந்த மாதிரி இருந்தது. பாறை, சீலா, விளமீன், ஊளி, நண்டு. மதுரை, நாகர்கோவில், கொல்லம் யாவாரிகள். கூடைக்கார அக்காமார். ஐஸ் உடைக்கும் சத்தம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் அம்மா தைத்துக்கொடுத்த துணியைக் கட்டி, போனும் கையுமாக ஏலக்கூடத்து மேடை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் அங்கே வருகிறார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

தொம்மை மாமா முதல் சில குவியல்களை ஏலம் விட்டார். அப்பா விலையைத் தட்டினார். பக்கத்தில் நான். விலை வலைப்பூவில் ஏறிவிட்டது.

கொரேரா கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாரும் படகுல உள்ள இன்னாசி முகவரியப் போன்ல போட்டுப் பாருங்கய்யா."

போட்டார்கள். இருபது முப்பது போன்கள். இருபது முப்பது முகங்கள் சுருங்கின.

"வரலியே."

"எனக்கும் இல்ல."

"அடைய முடியலைங்குது."

கம்பெனிப் பையன் ஒருவன் கொரேரா பக்கத்தில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். பாவம், அவன் சிரிக்கக்கூட இல்லை. அப்பா சிலேட்டில் எழுதித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்: 'முன்னால் www போடவும்.' முதல் வரிசைக்கே தெரியவில்லை. பின்னால் நிற்பவன் எங்கே பார்ப்பான்? பழைய நாளாக இருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பார், ஐஸ் உடைக்கிறவன்கூட நின்றிருப்பான். அவர் வாய் திறந்தது. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. அவர் மறுபடியும் சிலேட்டைத் தூக்கினார்.

நான் மேடையில் ஏறினேன். அந்த மைக்கை இதுவரை ஒரு பெண்ணும் பிடித்ததில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. "மாமா, குடுங்க" என்றேன். தொம்மை மாமா ஒரு விநாடி என்னைப் பார்த்தார், ஒரு விநாடி அப்பாவைப் பார்த்தார். கொடுத்துவிட்டார்.

என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. ஏலக்கூடத்தில் மைக்கைப் பிடித்தால் வாயில் வருவது ஒன்றுதான்.

"எல்லாரும் போனக் கையில எடுங்க. சிலுவைக்கும் இன்னாசிக்கும் நடுவுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. டபிள்யூ. டபிள்யூ ஒரு தரம்."

ஒரு சிரிப்பு கிளம்பியது. ஆனால் விரல்கள் தட்டின.

"டபிள்யூ ரெண்டு தரம்."

கூடைக்கார அக்கா ஒருத்தி, "ஏட்டி, வெல கொறச்சு விடு" என்றாள்.

"டபிள்யூ மூணு தரம். அதுக்குப் பொறவு ஒரு புள்ளி. அதுக்குப் பொறவு எங்க அப்பா."

பிறகு பின்வரிசையிலிருந்து நாகர்கோவில்காரர், "சீலா இன்று சின்னப்பிள்ளை, கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்" என்று சத்தமாக வாசித்தார். அப்பா இரண்டு நிமிஷத்துக்கு முன் எழுதியது. இன்னொருவர் நண்டு விலையை வாசித்தார். கொல்லத்துக்காரர் எழுத்துக் கூட்டி வாசித்தார். கூட்டம் முழுக்க ஆளுக்கொரு மீனாக அப்பாவை வாசித்தார்கள்.

கொரேரா கையைப் பிரிக்கவில்லை. "சொல்லிக்குடுத்துல்லா தொறந்துச்சு. இது கணக்குல சேருமா?"

மதுரைக்காரர் முன்னால் வந்தார். கடல்கன்னி வால் கேட்டவர் இவர்தானாம். "அண்ணே, உங்க கம்பெனி செயலிய நானும் இறக்குனேன். பேரு கேட்டான், ஊரு கேட்டான், எங்கப்பா பேரு கேட்டான். அப்புறம் பாஸ்வேர்டு. அதுக்குள்ள மீனு ஏலம் போயிருச்சு. இங்க மூணு எழுத்துதான்ணே. இந்தப் புள்ள மாதிரி சொன்னா எந்தக் காலத்துல மறக்கப்போறேன்?"

"ஆமா" என்றார்கள் நாலைந்து பேர். கூடைக்கார அக்காமார் எல்லோருமே.

கொரேரா கம்பெனிப் பையனைப் பார்த்தார். பையன் போனில் அப்பா பக்கத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கு சார்" என்றான். அவனுக்கும் என் நன்றி.

"சரில" என்றார் கொரேரா, அப்பாவிடம் குனிந்து. "பங்கு உண்டு. வெல நீயே எழுது. ஆனா அந்த டபிள்யூவுக்கு ஒரு வழி பண்ணு, தினமும் ஒம்மவள ஏலம் விடச் சொல்ல முடியாது."

"ஏன் முடியாது?" என்றார் தொம்மை மாமா.

அப்பாவைப் பார்த்தேன். தோளை அல்ல, முகத்தை. கழுத்தையும். துணி நழுவியிருந்தது. சிறிய துளை. அதற்குள் காற்று போய் வந்துகொண்டிருந்தது. துணியை நானே சரிசெய்து கட்டிவிட்டேன்.

ஆபேல் அண்ணன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அப்பா அவரைக் கையசைத்துக் கூப்பிட்டு, படகைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார்.

ஜூன் 16

தொண்டை கட்டிவிட்டது. அம்மா மிளகுப்பால் கொடுத்தாள். எனக்கும் ஒரு சிலேட்டு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு, குட்டு வாங்கினேன்.

ஜூன் 18

விண்ணப்பம் போட்டாயிற்று. பாளையங்கோட்டை, கணினி அறிவியல். கடைசித் தேதிக்கு முந்தின நாள். சர்வர் நன்றாகவே வேலை செய்தது. சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம். சனிக்கிழமை ஏலத்துக்கு வருவாயா என்று தொம்மை மாமா இப்போதே கேட்டுவைக்கிறார்.

ஜூன் 23

காலையில் ரோமியோ அண்ணன் கூப்பிட்டான். "என்னட்டி, போனத் தொறந்தா ஓடிபியா வந்து கொட்டுது. கப்பல வித்துட்டியா?"

எல்லாம் சொன்னேன். சிலுவை இடம் வந்ததும் அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் யாரோ அவனை அதட்டினார்கள். புதிதாக ஓடிபி வாங்கிக் கொடுத்தான். உள்ளே போனேன். அந்த நாலு வரியையும் எழுதினேன், நாலும் வெறும் எண்கள். டபிள்யூ இல்லாமல் வருபவர்களையும் முன்வாசலுக்கு அழைத்து வா என்ற இடத்திலும் டிக் போட்டேன். அப்படியே என் போனுக்கும் ஓடிபி வருகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். பிறகு அவனுக்கு நன்றி சொன்னேன், நக்கலே இல்லாமல். அவன் பயந்துபோய், "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான்.

மத்தியானத்துக்குள் திறந்துவிட்டது. படகில் இருக்கிறபடி தட்டினால் போதும். டபிள்யூக்கள் தாமாக ஓடி வந்து முன்னால் நின்றுகொள்கின்றன. அப்பாவிடம் காட்டினேன். தலையாட்டினார்.

சாயங்காலம் ஏலத்துக்குக் கிளம்பும் முன் அவர் தன் போனில் பக்கத்தைத் திறப்பதைப் பார்த்தேன். மூன்று டபிள்யூவையும் தட்டித்தான் திறக்கிறார். ஆள்காட்டி விரலால், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. ஒவ்வொரு தட்டுக்கும் உதடு அசைகிறது.

இனி அது வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மூன்றாவது தரம் முடியும்வரை நின்றிருந்தேன்.